பள்ளிக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியாது: போக்சோ வழக்கில் தலைமையாசிரியர் ஏன் கைதாகிறார்?

ஒரு பள்ளியில் மாணவியிடம் ஆசிரியர் அத்துமீறினார் என்று செய்தி வருகிறது. ஆசிரியர் கைது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ தலைமையாசிரியரும் கைது, சில சமயம் தாளாளரும். உடனே இரண்டு விதமான குரல்கள் கேட்கும். ‘தப்பு செஞ்சவன் ஒருத்தன், ஹெச்.எம். பாவம் என்ன செஞ்சார்?’ என்பது ஒன்று. ‘எல்லாம் தெரிஞ்சே மூடி மறைச்சிருக்காங்க, மொத்தப் பேரையும் உள்ளே தள்ளணும்’ என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குச் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது. இரண்டாவது குரலுக்குப் பின்னால் இருக்கும் கேள்விதான் கடினம். படித்தவர்களும் பிள்ளை பெற்றவர்களும் நிறைந்த ஓர் இடத்தில் இத்தனை பேர் எப்படிச் சேர்ந்து வாயை மூடிக்கொள்கிறார்கள்? கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, விடுதி, நகரம், கிராமம் என்று எங்கும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்றைத் தனி மனிதர்களின் குணத்தை வைத்து மட்டும் விளக்க முடியாது. பள்ளி என்ற அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் சட்டம்

போக்சோ என்று நாம் சொல்வது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ம் ஆண்டுச் சட்டம். அந்த ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிறையாதவர் யாராக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, இந்தச் சட்டத்தின்படி குழந்தைதான். பள்ளியைப் பொறுத்தவரை முக்கியமானவை இவை:

1. பிரிவு 19: குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், எவரும் உள்ளூர் காவல் நிலையத்துக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ஆசிரியர், ஆயா, வேன் டிரைவர், மருத்துவர் என்று யாருக்கும் விலக்கு கிடையாது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அதைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

2. பிரிவு 21: தகவல் கொடுக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். தலைமையாசிரியரும் தாளாளரும் வழக்கில் சேர்க்கப்படுவது பெரும்பாலும் இதன் கீழ்தான். சொல்லாமல் இருந்த குழந்தைக்கு எந்தத் தண்டனையும் இல்லை என்று இதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

3. பிரிவுகள் 5, 9: கல்வி நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் செய்யும் குற்றம் ‘கடுமையாக்கப்பட்ட’ வகையில் சேரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதன் உச்சகட்ட வகைக்கு, அதாவது ஊடுருவல் பாலியல் தாக்குதலுக்கு, குறைந்தபட்சமே 20 ஆண்டு சிறை, அதிகபட்சம் மரண தண்டனை.

4. பிரிவு 23: குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. பெயர், முகவரி, படம் மட்டுமில்லை, பள்ளியின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

‘பெரிய ஸ்கூல்னா பேரைப் போடமாட்டாங்க’ என்று அடிக்கடி ஒரு பேச்சு வரும். அந்தச் சந்தேகம் எப்போதும் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெயரைப் போடாததற்கு முதல் காரணம் பிரிவு 23. குழந்தைக்காக வைத்த திரை பள்ளியின் பெயரையும் சேர்த்தே காப்பாற்றிவிடுகிறது, அது வேறு விஷயம்.

தகவல் மறைப்பைச் சின்னக் குற்றமாகப் பார்க்கும் பழக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் பதில் சொல்லிவிட்டது. மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில், பள்ளி விடுதியில் இருந்த பழங்குடி மாணவிகள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. மாணவிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், விஷயம் தெரிந்தும் தகவல் தரவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது, உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. தெரிந்தும் தகவல் தராமல் இருப்பது கடுமையான குற்றம், பல நேரங்களில் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்றது தீர்ப்பு.

‘நாங்களே விசாரிச்சிட்டுச் சொல்றோம்’

மறைப்பு பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கும். ஒருவர் மீது பழி வந்திருக்கிறது, உண்மையா என்று பார்க்க வேண்டாமா?

பார்க்க வேண்டியது போலீஸ். பிரிவு 19 ஆதாரம் கேட்கவில்லை, அச்சம் இருந்தாலே போதும் என்கிறது. நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காகக் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்றும் அதே பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் பள்ளி ‘விசாரிக்கும்’போது நடப்பது என்ன? குழந்தையை அறைக்குக் கூப்பிட்டு நான்கு பேர் உட்கார்ந்து கேட்பார்கள், சில சமயம் குற்றம் சாட்டப்பட்டவரையும் எதிரில் நிற்க வைத்துக் கேட்பார்கள். எழுதி வாங்குவார்கள். அந்தத் தாள் பிற்பாடு நீதிமன்றத்தில், ‘அன்றைக்கு இப்படிச் சொல்லவில்லையே’ என்று குழந்தைக்கு எதிராகவே திரும்பலாம். இடைப்பட்ட நாட்களில் போனில் இருந்த மெசேஜ் அழியும், கேமரா பதிவு அழியும், உடன் படிக்கும் பிள்ளைகளிடம் யாராவது போய்ப் பேசியிருப்பார்கள்.

இன்னொரு குழப்பம், உள்ளகப் புகார்க் குழு. 2013-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பணியிடப் பாலியல் தொல்லைக்காக வந்த குழு அது. பள்ளியில் அப்படி ஒரு குழு இருக்கிறது, அதில் புகார் போயிருக்கிறது என்பதால் பிரிவு 19-ன் கடமை நீங்கிவிடாது. அரசுப் பள்ளிகளில் வேறு வடிவம்: ஆசிரியர் மீது 17(பி) குறிப்பாணை (துறை விசாரணைக்கான குற்றச்சாட்டுக் கடிதம்) கொடுத்தாயிற்று, இடமாற்றம் செய்தாயிற்று, அத்தோடு முடிந்தது என்று நினைப்பார்கள். துறை நடவடிக்கை தனி, குற்ற வழக்கு தனி. இடமாற்றத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: அந்த ஆள் போய்ச் சேரும் இடமும் ஒரு பள்ளிதான்.

பள்ளி எப்படிப்பட்ட இடம்?

சரி, சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் மீறப்படுகிறது? இங்கேதான் சமூகவியல் வருகிறது. கல்வியின் சமூகவியல் என்பது, பள்ளி பாடம் சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறு என்னென்ன செய்கிறது, யாருக்கு அதிகாரம் தருகிறது, யாரைப் பணிய வைக்கிறது என்று பார்க்கும் துறை. அதன் முன்னோடிகளில் ஒருவரான எமில் துர்கெய்ம் 1902-03-ல் பாரிசில் வருங்கால ஆசிரியர்களுக்கு எடுத்த வகுப்புகளில் ஓர் எச்சரிக்கையைத் தந்தார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே அறிவிலும் அதிகாரத்திலும் பெரிய இடைவெளி இருக்கிறது, கட்டுப்படுத்த ஆளில்லாத இடத்தில் அந்த இடைவெளி வன்முறையாக மாறக்கூடும், அதனால் அடி கூடாது என்றார். ஆசிரியரின் அதிகாரம் அவசியம் என்று வாதிட்டவரே இதையும் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1960-களில் வந்த இன்னொரு கருத்து மறைமுகப் பாடத்திட்டம். புத்தகத்தில் இல்லாத, ஆனால் தினமும் கற்றுத்தரப்படும் பாடம்: வரிசையில் நில், கேட்டால் மட்டும் பேசு, எதிர்த்துப் பேசாதே, சார் சொன்னால் காரணம் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் இதைப் படித்த பிள்ளையிடம்தான், ஒரு நாள் திடீரென்று ‘தப்பான தொடுதல்னா கத்து, ஓடு, சொல்லு’ என்று ஒரு மணி நேர விழிப்புணர்வு வகுப்பில் சொல்கிறோம்.

அடியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பிரம்படிக்கு இடம் கொடுத்த விதி 2003-லேயே நீக்கப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் நாடு முழுக்கத் தடை செய்தது. அதற்கு முன் 2007-ல், மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் 65 விழுக்காட்டினர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். 53 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வடிவத்தில் பாலியல் அத்துமீறலைச் சந்தித்திருந்தார்கள். அதைச் செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பொறுப்பான இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த எண்களை ஒன்றாக வைத்துப் படித்தால் ஒன்று புரியும். ‘கண்ணை மட்டும் விட்டுட்டு மீதியை உரிச்சிடுங்க சார்’ என்று பெற்றோரே சொல்லி அனுப்பும் ஊரில், உன் உடம்பு மேல் பெரியவர்களுக்கு உரிமை இருக்கிறது என்பதைக் குழந்தை முதலில் அடியின் வழியாகத்தான் கற்றுக்கொள்கிறது.

பேசினால் யாருக்கு என்ன போகும்?

அமைதிக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் காரணம் இருக்கிறது, அதில் பல, அவரவர் நிலையில் நின்று பார்த்தால் பைத்தியக்காரத்தனமானவை அல்ல.

1. குழந்தை. செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணும் அகமதிப்பீடும் அந்த ஆசிரியர் கையில். விளையாட்டு மாணவி என்றால் அணியில் இடமும் பயிற்சியாளர் கையில். இதைவிடப் பெரியது ஒன்று உண்டு: சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். வீட்டிலிருந்து முதல் முறையாக மேல்நிலைப் பள்ளிக்கு வந்த பெண்ணுக்கு இந்தப் பயம் கற்பனை இல்லை. ‘இனி ஸ்கூலும் வேணாம், ஒண்ணும் வேணாம்’ என்று நிறுத்தி, சீக்கிரம் கல்யாணத்தைப் பேசி முடிப்பது நடக்கிற விஷயம்தான். தண்டனை முதலில் புகார் சொன்னவளுக்கே கிடைக்கிறது. பையன்களுக்கோ வேறு மாதிரி: ‘ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகப்போகுது’ என்று சிரித்துவிடுவார்கள் என்று தெரியும், அதனால் வாயே திறப்பதில்லை.

2. பெற்றோர். பெயர் கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதிகம் பேசப்படாதது, வழக்கின் செலவு. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அனைத்து மகளிர் காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று அலைவது என்றால் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. எதிரில் நிற்பவர் ஊரில் செல்வாக்கான சாதியைச் சேர்ந்தவர், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டிய தோட்டமே அவர் உறவினருடையது என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

3. சக ஆசிரியர். பல வருடமாக ஒரே ஓய்வறையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் மேல் புகார் கொடுக்க வேண்டும். தனியார் பள்ளியில் நிரந்தர நியமனம் இல்லாதவர் என்றால் அடுத்த மாதச் சம்பளம் நிர்வாகத்தின் கையில். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு தரும் பிரிவு 19(7) வழக்கிலிருந்துதான் காப்பாற்றும், வேலையைக் காப்பாற்றாது.

4. தலைமையாசிரியர். அவருடைய வேலை எப்படி அளக்கப்படுகிறது? தேர்ச்சி விகிதம், சேர்க்கை, ‘பிரச்சினை இல்லாத பள்ளி’. புகாரை வெளியே கொண்டுபோன ஹெச்.எம். என்று யாரும் பாராட்டியதாகக் கேள்விப்பட்டிருக்கிறோமா? மேலே சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) அலுவலகத்திலிருந்து வரும் முதல் கேள்வியே ‘ஏன் பேப்பர் வரைக்கும் போச்சு?’ என்று இருக்கும் இடத்தில் அவர் எதைக் கற்றுக்கொள்வார்?

5. நிர்வாகம். தனியார் பள்ளி நம்பிக்கையை விற்கிறது. ஒரு செய்தி வந்தால் அடுத்த ஆண்டுச் சேர்க்கை அடிவாங்கும் என்று தாளாளர் நினைக்கிறார். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்த போலி என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாம் வழக்கில், முகாம் நடத்தியவர்களோடு பள்ளி முதல்வரும் தாளாளரும் கைது செய்யப்பட்டார்கள். விஷயம் தெரிந்தும் போலீசுக்குப் போகவில்லை என்பதுதான் அவர்கள் மேல் வந்த குற்றச்சாட்டு. முகாம் நடத்த வந்தவர்கள் உண்மையில் யார் என்று சரிபார்க்காமலேயே மாணவிகளை இரவு தங்க வைத்த பள்ளி அது. குழந்தைகளோடு பழகும் ஊழியர்களைப் போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020 போக்சோ விதிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன.

சட்டம் இந்த ஐந்து பேரில் குழந்தையைத் தவிர மற்ற நால்வரிடமும் ‘பேசாவிட்டால் உனக்கும் இழப்பு உண்டு’ என்று தராசில் ஓர் எடைக்கல்லைப் போடுகிறது. பேசினால் வரும் இழப்பு எதையும் அது எடுக்கவில்லை. குழந்தையின் தட்டில் எந்த மாற்றமும் இல்லை.

முன்னாள் மாணவிகள் மட்டும் எப்படிப் பேசுகிறார்கள்?

2021 மே மாதம் சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் மீதான புகார்கள் முன்னாள் மாணவிகள் மூலமாகச் சமூக ஊடகத்தில் வெடித்தன. அடுத்த சில வாரங்களில் வேறு பள்ளிகளைப் பற்றியும் வரிசையாக வந்தன. ‘அப்பவே ஏன் சொல்லலை?’ என்று கேட்டவர்கள் ஏராளம். பதில் மேலே இருக்கிற பட்டியலில்தான் இருக்கிறது. மதிப்பெண் இனி அந்த ஆசிரியர் கையில் இல்லை, டி.சி. வாங்கியாயிற்று, படிப்பை யாரும் நிறுத்த முடியாது. பேசுவதன் விலை குறைந்ததும் பேசினார்கள். ஒருவர் பேசியதும் அடுத்தவருக்கு இன்னும் குறைந்தது. தாமதம் பொய்க்கு அடையாளம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். சிறுவயதில் நடந்ததைப் பற்றிப் பெரியவரான பிறகும் புகார் கொடுக்கலாம், போக்சோ சட்டத்தில் அதற்குக் காலவரம்பு இல்லை என்று 2018-ல் மத்திய அரசும் விளக்கம் கொடுத்தது.

‘பேசி முடிச்சிட்டோம்’

பல புகார்கள் போலீசுக்குப் போன பிறகும் கரைந்துபோவது இங்கேதான். ஊர்ப் பெரியவர்கள், பணம், மன்னிப்புக் கடிதம், ‘தவறான புரிதல்’ என்று பெற்றோர் கையெழுத்து. ராஜஸ்தானில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் மீதான வழக்கில், அவரும் சிறுமியின் குடும்பத்தினரும் சமரசம் செய்துகொண்டதை ஏற்று உயர் நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. இது இரண்டு தரப்புக்கு இடையிலான தனிப்பட்ட தகராறு அல்ல, சமூகத்துக்கு எதிரான குற்றம், எனவே சமரசத்தை வைத்து முடிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். இன்னும் பச்சையாகச் சொன்னால், குழந்தைக்கு நடந்ததை மன்னிக்கும் உரிமை அப்பாவுக்குக் கிடையாது.

தண்டனையைக் கூட்டினால் சரியாகுமா?

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் தூக்கு, என்கவுன்ட்டர் என்று குரல் வரும். 2019-ல் தண்டனை கூட்டப்பட்டது, மரண தண்டனையும் சேர்க்கப்பட்டது. ஆனால் போக்சோ வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு ஆண்டுதோறும் சொல்கிறது. தெரிந்தவர் என்றால் மாமா, பக்கத்து வீட்டுக்காரர், சார். ‘சொன்னால் அவர் தூக்குக்குப் போவார், அவர் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள்’ என்ற பாரம் சொல்கிற குழந்தையின் தலையில்தான் விழுகிறது. தண்டனை கடுமையாக ஆக, வாயடைக்கச் சொல்லும் குரல்களும் கூடும். என்னைக் கேட்டால், தண்டனையின் அளவைவிட அது எவ்வளவு நிச்சயமாக, எவ்வளவு சீக்கிரமாக வருகிறது என்பதுதான் முக்கியம். நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்ட ஓராண்டுக்குள் இயன்றவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்று பிரிவு 35 சொல்கிறது. நடைமுறையில் பத்தாம் வகுப்பில் புகார் கொடுத்த பெண் கல்லூரியில் சேர்ந்த பிறகும் சாட்சி சொல்லப் போகிறாள்.

கட்டாயத் தகவலுக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. 17 வயதுப் பெண் தன் காதலைப் பற்றிப் பள்ளி ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசினால், அந்த உறவு உடல்ரீதியானது என்று தெரிந்த கணமே ஆலோசகருக்குப் பிரிவு 19 கடமை வந்துவிடுகிறது, ஏனென்றால் 18-க்குக் கீழே சம்மதம் செல்லாது. பிள்ளைகளுக்கு இது சீக்கிரமே தெரிந்துவிடும். அப்புறம் எதையும் சொல்ல மாட்டார்கள், உண்மையான அத்துமீறல் நடக்கும்போதும். இப்படிப்பட்ட பதின்பருவக் காதல் வழக்கு ஒன்றை 2021-ல் ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், இத்தகைய உறவுகளைக் கணக்கில் எடுத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவையைச் சுட்டிக்காட்டியது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவள் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு சின்ன வழி திறந்தது. பள்ளி ஆலோசகருக்கு அப்படி ஒரு வழி இன்னும் இல்லை.

விலையைக் குறைக்கும் வழிகள்

பேசுவதன் விலையைக் குறைக்கும் ஏற்பாடுகள் காகிதத்தில் ஓரளவு இருக்கின்றன. பெற்றோருக்குத் தெரியாமல் கிடக்கின்றன.

1. பள்ளியைத் தாண்டிய வழி. 1098 குழந்தைகள் உதவி எண் 1996-ல் மும்பையில் தொடங்கியது, 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. புகார்ப் பெட்டி ஹெச்.எம். அறை வாசலில் இருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

2. காவல் நிலைய பயம். பிரிவு 24-ன்படி குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும், கூடியவரை பெண் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவர், சீருடை இல்லாமல். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இதைச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

3. துணைக்கு ஓர் ஆள். 2020 விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு, குழந்தைக்கு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். விசாரணை முதல் தீர்ப்பு வரை உடன் இருந்து, அடுத்து என்ன நடக்கும் என்று குடும்பத்துக்குச் சொல்வதும், இழப்பீட்டுக்கு வழிகாட்டுவதும், படிப்பு நிற்காமல் பார்ப்பதும் இவர் வேலையில் வரும். 2023-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏட்டளவில் விடக் கூடாது என்று மாநிலங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. இருக்கிற ஏற்பாடுகளிலேயே மேலே உள்ள பட்டியலின் முதல் இரண்டு பேரை நேரடியாகத் தொடுவது இது ஒன்றுதான். இதற்கான ஆட்களும் சம்பளமும்தான் எப்போதும் கடைசியில் யோசிக்கப்படுகின்றன.

4. பெற்றோரின் இடம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அரசு, உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழுவின் கூட்டத்தில் ஊழியர் சரிபார்ப்பு முடிந்ததா, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எங்கே என்று கேட்க முடியும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு கட்டாயமே இல்லை. கட்டணம் கட்டும் பெற்றோருக்கு அங்கே இருப்பது வாடிக்கையாளரின் இடம் மட்டும்தான், அதனால் இதே கேள்விகளைச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.